ஊர் ஸ்டேஷனை ஆறடிப் பலகையில் கட்டுவது எப்படி?

அப்பாவின் ஊர் குரும்பூர். திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்து ஸ்டேஷனை மாடலாகச் செய்து அவருக்குக் காட்ட ஆசை. இருக்கும் இடம், சென்னை ஃபிளாட்டில் சுவரோரமாக ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஏற்கெனவே எச்.ஓ. என்ற அளவில் ஒரு மாடல் ரயில் செட் வாங்கி, புல்விரிப்பும் மரங்களும் ஆட்களும் ஒட்டிப் பார்த்தாயிற்று. என்ன செய்தாலும் விளையாட்டுச் சாமான் மாதிரியே இருக்கிறது. எங்கே தப்பு? இதுதானே உங்கள் கேள்வி.

தப்பு, வேலையின் வரிசையில் இருக்கிறது. ரயிலை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு ஒரு ஊரைச் சுற்றிலும் ஒட்டியிருக்கிறீர்கள். ஊரை முதலில் செய்யுங்கள். ரயில் அந்த ஊருக்கு வந்துவிட்டுப் போகட்டும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் லாங் விட்டன்ஹாம் என்று ஒரு கிராமம். அங்கே பெண்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைத் தொடங்கிய ராய் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் வந்த இளைஞர். ரயில் மேல் பிரியம் கொண்டு வந்தவர், அந்தப் பக்கத்துக் கிராமத்து வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறிப் போவதைப் பார்த்து, அவற்றை அளந்து, அப்படியே சிறிய அளவில் கட்டிக் காப்பாற்ற நினைத்தார். அங்கே போனால் கண் முதலில் வீடுகளிலும் தோட்டங்களிலும்தான் நிற்கும், ரயில் பிறகுதான். மாடல் ரயில் வேலையில் எனக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைத்ததில்லை. நீங்களும் அதே காரியத்தைத்தான் செய்யப் பார்க்கிறீர்கள்: மறைந்துபோன ஒன்றை அப்பாவுக்குத் திருப்பிக் காட்டுவது.

முதலில் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம். நீங்கள் வாங்கிய எச்.ஓ. என்பது 1:87, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இதை 87-ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வருகிறது. அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளின் அகலம். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ.; 1:87-இல் அது 19 மி.மீ.க்கு மேல் வரவேண்டும். மீட்டர் கேஜோ 11.5 மி.மீ.தான். ஆக, உங்களிடம் இருக்கும் தண்டவாளம் குரும்பூரில் எந்தக் காலத்திலும் ஓடாத ஒரு பாதை. அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனாலும் அந்த ஒல்லியான பாதையைப் பார்த்து வளர்ந்த கண், என்னவோ சரியில்லை என்று உடனே சொல்லிவிடும். ஸ்விட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் பாதைகளுக்காக 12 மி.மீ. அகலத்தில் தண்டவாளம் விற்கிறார்கள். எச்.ஓ.எம். என்று கேளுங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. 1:120 அளவான டி.டி. ரகத்துக்கும் தண்டவாள அகலம் அதே 12 மி.மீ. என்பதால், டி.டி. இன்ஜினின் அடிப்பாகத்தை வாங்கி, அதன்மேல் 1:87-இல் நாமே செய்த கூட்டை ஏற்றலாம். நம்மூர் மீட்டர் கேஜ் வண்டிகளுக்கு இதுதான் வழி. கூட்டை பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டியும் செய்யலாம், 3டி பிரிண்ட்டும் எடுக்கலாம்.

அடுத்து அளவு. பழைய ஸ்டேஷனின் வரைபடம் கிடைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். தண்டவாளம் தெரிகிற எந்தப் பழைய புகைப்படத்திலும் ஒரு அளவுகோல் கிடக்கிறது. இரண்டு தண்டவாளங்களின் உள் விளிம்புகளுக்கு நடுவே சரியாக ஒரு மீட்டர். அதை வைத்து அதே தூரத்தில் இருக்கும் பிளாட்பாரத்தின் உயரம், தூணின் உயரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடலாம். கட்டடம் மட்டும் தெரியும் படமாக இருந்தால் கதவை ஏழடி என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். குடும்பக் கல்யாண ஆல்பங்களைக்கூடப் புரட்டிப் பாருங்கள். வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்த படங்களில் பின்னால் ஏதாவது ஒரு மூலை விழுந்திருக்கும்.

ஆறடி என்பது 183 செ.மீ. 1:87-இல் அது வெறும் 159 மீட்டர் நிலம். ஒரு முழு ஸ்டேஷன் அதில் அடங்காது. அடக்கப் பார்த்தால் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு பொம்மைத்தனம் வந்துவிடும். எனவே எந்த 159 மீட்டர் என்று முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், கட்டடமும் பிளாட்பாரத்தின் ஒரு முனையும், அதை ஒட்டிய பனைகளும், கொஞ்சம் வெறும் நிலமும் போதும். மீட்டர் கேஜ் பெட்டி ஒன்று இருபது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மாடலில் 22, 23 செ.மீ. டீசல் இன்ஜின் 17, 18 செ.மீ. மூன்று பெட்டியும் அந்த இன்ஜினும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 87 செ.மீ.; அதாவது பலகையில் பாதி. அதற்கு மேல் ஒரு பெட்டிகூட வேண்டாம்.

வட்டமாக ஓடவிடும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். செட்டில் வரும் வளைவின் ஆரம் பொதுவாக 18 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அதை 87-ஆல் பெருக்கினால் 40 மீட்டர். இந்திய ரயில்வேயில் மீட்டர் கேஜுக்கு அனுமதித்த மிகக் கூர்மையான வளைவே 16 டிகிரி, ஆரம் 109 மீட்டர். மாடலில் ஒன்றேகால் மீட்டர். அதுவும் மலைப்பாதைக்கு, தாமிரபரணிக் கரைச் சமவெளிக்கு அல்ல. ஆகவே கிட்டத்தட்ட நேரான பாதை. ஆனால் பலகையின் விளிம்புக்கு இணையாக வேண்டாம். ஒரு முனையில் விளிம்பிலிருந்து 15 செ.மீ. என்றால் மறுமுனையில் 22 செ.மீ. இருக்கட்டும். அந்தச் சின்னச் சாய்வு, பாதை வேறெங்கிருந்தோ வந்து வேறெங்கோ போகிறது என்று கண்ணை நம்பவைக்கும். இணையாகப் போட்டால் அலமாரியில் வைத்த ரயிலாகிவிடும்.

வண்டி எங்கிருந்து வரும்? பலகையின் ஒரு முனையில், ஓட்டும்போது மட்டும் மாட்டிக்கொள்ளும் மூன்றடி நீட்டிப்பு ஒன்று செய்யுங்கள். இரண்டு அலுமினிய எல்-ஆங்கிள்களை 12 மி.மீ. இடைவெளியில் ஒரு மரப்பட்டையில் திருகிவிட்டால் அதுவே தண்டவாளம், அதுவே மின்கம்பி, அதுவே வண்டியைத் தூக்கி எடுத்துவைக்கும் தட்டு. காட்சிக்கும் நீட்டிப்புக்கும் நடுவே அடர்ந்த உடைமரங்களும் (முள்மரம்தான்) இரண்டு பனையும் நிற்கட்டும். வண்டி மரங்களுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர வேண்டும்.

இப்போது மாதம். வருஷத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். பெட்டிகள் கருஞ்சிவப்பா நீலமா என்பதே அதைப் பொறுத்தது. நீலம் 1990-களில் வந்தது. ஆனால் மாதத்தையும் தேர்ந்தெடுங்கள் என்பேன். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கம் கால்வாய்ப் பாசனம், நெல்லும் வாழையும். அங்கிருந்து நாசரேத், குரும்பூர் என்று வரவர ஒரு பக்கம் தேரி என்கிற செம்மணல் மேடு எட்டிப் பார்க்கும். மார்கழியில் பிசானப் பருவத்து நெல் பச்சைப்பசேல் என்று நிற்கும். ஆனி, ஆடியில் காற்று தேரி மணலை வாரி இறைக்கும். எல்லா இலையிலும் ஒரு செம்புழுதி. இந்த இரண்டையும் ஒரே பலகையில் கலந்தால் எந்தக் காலமும் இல்லாத ஊராகிவிடும். நான் பங்குனியைத் தேர்ந்தெடுப்பேன். பதநீர்ப் பருவம். பனையில் கலயம் தொங்கும். காய்ந்த புல்லும் செம்மண்ணும் வெளுத்த வானமும் நிறங்களை நமக்காகக் குறைத்துக் கொடுத்துவிடும். மாடலில் கையாளக் கடினமான நிறம் பச்சைதான்.

பலகைக்கு 9 மி.மீ. ப்ளைவுட், தண்ணீர் தாங்கும் ரகம். அதன்மேல் ஒரு அங்குல எக்ஸ்.பி.எஸ். ஃபோம். தெர்மாகோலைவிட இது இறுக்கம், வெட்டும்போது மணிமணியாக உதிராது. ப்ளைவுட்டின் இரு பக்கமும், விளிம்பும் சேர்த்து வார்னிஷ் அடியுங்கள். நான் முதல் லேஅவுட்டில் மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்துவிட்டேன். ஐப்பசி மழையில் பலகை வில் மாதிரி வளைந்து, நடுவில் இருந்த தண்டவாள இணைப்பு பிளந்தது. நான்கு மாத வேலையைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. ஃபோமின் மேல் ஸ்ப்ரே பெயின்ட், ரப்பர் சொல்யூஷன் படக்கூடாது, கரைந்துவிடும். ஃபெவிகால் போதும். மின்சாரத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவு சிறிய பாதைக்கு 12 வோல்ட் டி.சி.யே தாராளம்; ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியாக ஒரு கம்பி சால்டர் செய்துவிடுங்கள், இணைப்புத் தகடுகளை நம்ப வேண்டாம்.

தண்டவாளம் போட்டதும், ஜல்லிக்கு முன்னால், அதன் பக்கவாட்டுக்குப் பெயின்ட் அடியுங்கள். பாதிப் பொம்மைத்தனம் இந்த ஒரு வேலையில் போய்விடும். பளபளக்க வேண்டியது சக்கரம் உருளும் மேல்பகுதி மட்டும். பக்கங்கள் துருவும் புழுதியும் சேர்ந்த பழுப்பு. நல்ல பழுப்பு நிறத்தில் கொஞ்சம் சாம்பல் கலந்து அடித்து, ஈரம் காய்வதற்குள் மேல்பகுதியைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

ஜல்லி. நிஜத்தில் ஒரு கல் நான்கைந்து செ.மீ.; மாடலில் அது அரை மில்லிமீட்டர். கடைப் பாக்கெட்டுகளில் வருவது பெரும்பாலும் இதைவிடப் பெரிது. ஒரு மி.மீ. குருணை என்றாலே நிஜத்தில் 9 செ.மீ. கல்லாகிவிடும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் இரண்டு கை எம்-சாண்ட் கேட்டு வாங்குங்கள். நம்மூர்க் கருங்கல்லை உடைத்த தூள்தான் அது. நிறத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம். கழுவிக் காயவைத்து, முதலில் டீ வடிகட்டியில் சலித்துப் பெரிய குருணையை நீக்குங்கள். பிறகு மெல்லிய துணியில் சலித்து மாவை நீக்குங்கள். நடுவில் நிற்பதுதான் ஜல்லி. அதைக் காகிதத்தில் பரப்பி, பிளாஸ்டிக் உறைபோட்ட ஒரு காந்தத்தை மேலே நாலைந்து முறை ஓட்டுங்கள். கறுப்பாக ஒரு தாடி ஒட்டிக்கொண்டு வரும். இரும்புச் சத்துள்ள அந்தத் துகள்களை அப்படியே விட்டால், ஒரு நாள் இன்ஜின் மோட்டாரின் காந்தம் அவற்றை உள்ளே இழுத்துவிடும். தூவியபின் சின்ன பிரஷ்ஷால் ஸ்லீப்பர்களின் மேல் நிற்பதைத் தட்டி இறக்குங்கள். பிறகு ஸ்பிரிட்டை மெல்லிய சாரலாகத் தெளித்து நனைத்துவிட்டு, ஃபெவிகால் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு கலந்து மருந்துச் சொட்டியால் விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை முத்துமுத்தாக உருண்டு ஜல்லியை வாரிக்கொண்டு ஓடும். தடம் பிரியும் பாயிண்ட் இருந்தால் அதன் நாக்கு நகரும் இடத்தில் மட்டும் ஜல்லியும் வேண்டாம், பசையும் வேண்டாம். காய்ந்தபின் பிளாட்பாரத்தை ஒட்டி இன்ஜின் நிற்கும் இடத்தில் கறுப்பு எண்ணெய்க் கறை, மற்ற இடங்களில் பிரேக் தூசியின் செம்பழுப்பு. சாக்பீஸ் பாஸ்டலை உரசிய பொடியே போதும். சின்ன ஸ்டேஷன்களில் பக்கத்துத் தடம் பாதி மண்ணில் புதைந்துதான் கிடக்கும். அதற்கு ஜல்லியில் பாதி மண்ணைக் கலந்து போடுங்கள்.

மண்ணுக்கு அந்த ஊர் மண்ணேதான். வாணலியில் வறட்டுச் சூட்டில் நன்றாக வறுத்து, சலித்து, இதற்கும் காந்தம் ஓட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். பசையில் நனைந்தால் நிறம் ஒரு படி கறுக்கும். ஆகவே கடைசியில் அதே மண்ணின் மாவை உலர்ந்த பிரஷ்ஷால் மேலே பூசுங்கள்.

இனி பனை. இந்தக் காட்சியின் நாயகன் அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பனைகள் எட்டு செ.மீ. இருக்கும், நிஜத்தில் அது ஏழு மீட்டர், வடலி என்கிற இளம்பனையைவிடச் சற்றுப் பெரிய மரம். பாளை சீவும் நல்ல பனை பதினைந்து, இருபது மீட்டர். அதாவது பலகையில் 17 முதல் 23 செ.மீ. ரயில் பெட்டி நான்கு செ.மீ. உயரத்தில் ஓடும்போது அதற்கு ஐந்து மடங்கு உயரத்தில் பனை நின்றால்தான் அது நாஞ்சிலும் இல்லை, தஞ்சையும் இல்லை, தூத்துக்குடிச் சீமை என்று தெரியும். உடம்புக்கு மூன்று மி.மீ. மூங்கில் குச்சி. அடியில் ஃபெவிகாலும் மரத்தூளும் பிசைந்து கொஞ்சம் பருக்கவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே நூலைச் சுற்றி எடுத்தால் மட்டை விழுந்த வளையங்கள் பதியும். நிறம் சாம்பல் கலந்த கறுப்பு. வெறும் கறுப்பு வேண்டாம். ஓலைக்கு இரு பக்கமும் பெயின்ட் அடித்த மெல்லிய தாள். 14 மி.மீ. வட்டமாக வெட்டி, விசிறி மாதிரி மடித்து, விளிம்பிலிருந்து பாதிவரை கத்தரியால் கீறி, மெல்லிய செப்புக் கம்பியில் ஒட்டுங்கள். ஒரு மரத்துக்கு முப்பது ஓலை. மேலே இருப்பவை நிமிர்ந்து, பக்கத்தில் இருப்பவை படுத்து, கடைசி நாலைந்து காய்ந்த பழுப்பில் தொங்க வேண்டும். பாளைக்குக் கீழே கடுகு அளவில் இரண்டு கலயம். எல்லாப் பனையும் ஒரே உயரமாக வேண்டாம். ஒன்று வடலி, ஒன்று தலை போன மொட்டை. ஒரு பனைக்கு ஒரு மாலை ஆகும். ஏழு பனை இருந்தால் காட்சி நிறைந்துவிடும்.

உடைமரத்துக்கு வெட்டிவேர். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டு வாங்கினால் ஒரு காட்டுக்கே போதும். அதன் சிக்கலான மெல்லிய இழைகள் முள்மரத்தின் கிளையை அப்படியே காட்டும். ஊடுருவி வானம் தெரியும்படி இலைத்தூளைக் குறைவாகத் தூவுங்கள்.

கட்டடத்தில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: சுவரின் கனம். பழைய ஸ்டேஷன் சுவர்கள் ஒன்றேகால், ஒன்றரை அடி கனம். மாடலில் நாலைந்து மி.மீ. ஒற்றை அட்டையில் ஜன்னல் வெட்டினால் அது வரைந்த ஜன்னல் மாதிரி தட்டையாக இருக்கும். இரண்டு மி.மீ. அட்டையை இரண்டடுக்காக ஒட்டி, ஜன்னலை உள்ளே தள்ளி வையுங்கள். அந்தக் குழியில் விழும் நிழல்தான் கட்டடத்துக்கு எடை கொடுக்கிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுத்த வெள்ளை அடிக்காதீர்கள். மஞ்சளும் சாம்பலும் துளி கலந்து, தரையிலிருந்து ஒரு செ.மீ. உயரம் வரை செம்புழுதியைத் தேயுங்கள், மழை தெறித்த கறை அது. மஞ்சள் பெயர்ப்பலகையில் மூன்று மொழியிலும் எழுத்து வேண்டும். கம்ப்யூட்டரில் எழுதி அச்செடுத்து ஒட்டுங்கள். கையால் எழுத வேண்டாம்.

நிறங்களுக்குப் பொதுவாக ஒரு விதி உண்டு. நாம் மாடலை இரண்டடி தூரத்தில் பார்த்தாலும் அது நிஜத்தில் ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் காற்று எல்லா நிறத்தையும் வெளுக்கவைக்கிறது. எனவே எந்த நிறத்திலும் கொஞ்சம் வெளிர்சாம்பலைக் கலந்து அடியுங்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேட் வார்னிஷ். பளபளப்பு தண்டவாளத்தின் தலையில் மட்டும் இருக்கட்டும்.

ஆட்கள் ஏழெட்டுப் பேர் போதும். ஓடுகிற, கையை ஆட்டுகிற பொம்மைகளை வைக்காதீர்கள். காலைத் தூக்கியபடி உறைந்து நிற்கும் மனிதன் காட்சியைக் கெடுத்துவிடுவான். உட்கார்ந்தவர், சாய்ந்தவர், காத்திருப்பவர் மட்டும். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு டிஷ்யூ தாளை நீர்த்த பசையில் நனைத்து வேட்டியும் சேலையும் கட்டிவிடலாம். ஸ்டேஷன் மாஸ்டர் கையில் நாலு மி.மீ. வளையமாக ஒரு செப்புக் கம்பி. அதுதான் டோக்கன், அதாவது ஒற்றைப் பாதையில் வண்டி போக டிரைவருக்குத் தரும் அனுமதி, வைத்த பிரம்பு வளையம். மீட்டர் கேஜில் போய்வந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஓட்டும்போது வேகத்தைக் கணக்கிட்டு ஓட்டுங்கள். மணிக்கு 15 கி.மீ.யில் பிளாட்பாரத்துக்குள் நுழையும் வண்டி மாடலில் வினாடிக்கு ஐந்து செ.மீ.கூடப் போகாது. 87 செ.மீ. வண்டி ஒரு பனையைக் கடக்க 18 வினாடி. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் இதுவரை எவ்வளவு வேகமாக ஓட்டியிருக்கிறோம் என்று தெரியும். இந்த மெதுவுக்குத் தண்டவாளம் சுத்தமாக இருக்க வேண்டும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஓட்டுவதற்கு முன் ஒரு முறை துடையுங்கள்.

பலகையைச் சுவரில் மாட்டும் உயரம் முக்கியம். மேசை உயரத்தில் வைத்தால் ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பது போல இருக்கும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாரென்றால் அவர் கண்ணுக்கு ஒரு சாண் கீழே பிளாட்பாரம் வரட்டும். பின்னால் வெளிர்நீலமும் சாம்பலும் கலந்த வெறும் வானம்; மேகம் வரைய வேண்டாம். விளக்கு ஒரே பக்கத்திலிருந்து. பங்குனிச் சாயங்காலம் நான்கு மணி வெயில் எந்தப் பக்கமிருந்து விழுமோ அங்கிருந்து. நிழலெல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய தாளோடு அப்பாவிடம் உட்காருங்கள். டிக்கெட் கவுன்டர் எந்தப் பக்கம், குடிதண்ணீர் எங்கே, எந்த மரத்தடியில் உட்கார்ந்தீர்கள், மணியடிக்கத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு எந்தத் தூணில், வண்டி வருவது முதலில் எங்கே தெரியும், இன்ஜின் வை.பி. ரக நீராவியா, வை.டி.எம்.-4 டீசலா என்று கேட்டுக் கேட்டு அவரையே வரையச் சொல்லுங்கள். அளவு தப்பாக இருந்தாலும் திருத்தாதீர்கள். அவர் பெரிதாக வரைந்ததைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பனைகளைப் படமெடுத்து, ஒரு டப்பாவில் இரண்டு கை மண் எடுத்து வாருங்கள். ப்ளைவுட்டை அதற்கப்புறம் வாங்கலாம்.